துத்தநாகத்தைக் கணக்கில் எப்போது சேர்ப்பது? (மனிதப் புரதத்தின் ரிங் டொமைன், என்.எம்.ஆர்.)

#1 முத்துச்சரம்

எல்லாருக்கும் வணக்கம். பிஎச்.டி. மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். மனிதப் புரதம் ஒன்றின் ரிங் டொமைனை (தனியாக மடியும் ஒரு பகுதி) எடுத்துக்கொண்டு என்.எம்.ஆர். (அணுக்காந்த ஒத்திசைவு) மூலம் அதன் கட்டமைப்பைத் தீர்க்கும் வேலை. இன்னும் வெளியிடவில்லை என்பதால் பெயர் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 82 அமினோ அமிலம்.

ரிங் பற்றிப் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. ஏழு சிஸ்டீன், ஒரு ஹிஸ்டிடின், ஆக எட்டுக் கைகள் இரண்டு துத்தநாக அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. முதல் நாலு கை ஒன்றை, அடுத்த நாலு கை இன்னொன்றை என்று பிடிப்பதில்லை. சடை பின்னுவதுபோல 1, 2, 5, 6 சேர்ந்து ஒன்றையும் 3, 4, 7, 8 சேர்ந்து மற்றொன்றையும் பிடிக்கின்றன. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.1 புரதத்தில் பார்த்தால் சிஸ்டீன் 24, 27, 44, 47 முதல் இடம். சிஸ்டீன் 39, ஹிஸ்டிடின் 41, சிஸ்டீன் 61, 64 இரண்டாம் இடம்.

என் டொமைனில் சிஸ்டீன் எட்டு, ஹிஸ்டிடின் இரண்டு இருக்கின்றன. இரண்டு பேர் அதிகம். முதல் இடத்தில் குழப்பமே இல்லை. இரண்டாம் இடத்தில்தான் சிக்கல். மூன்றாம் கைக்கும் ஐந்தாம் கைக்கும் நடுவில் இரண்டு ஹிஸ்டிடின் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. ரிங் வரிசை விதிப்படி எதை எடுத்தாலும் பொருந்துகிறது. கடைசியில் மூன்று சிஸ்டீன், ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டிரண்டு அமினோ அமிலம் விட்டு. முதல் இரண்டா, கடைசி இரண்டா? அதுவும் இரண்டு விதமாகவும் பொருந்துகிறது.

ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர், "தெரிந்த மடிப்புதானே, துத்தநாகத்துக்கும் கந்தகத்துக்கும் 2.3 ஆங்ஸ்ட்ராம் என்று முதல் சுற்றிலேயே கட்டுப்பாடு கொடுத்துவிடு" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டமைப்பைக் கணக்கிடும் நிரல் நான் சொன்ன இடத்தில் துத்தநாகத்தை வைக்கும், அழகான படம் வரும். ஆனால் அது நான் சொன்னதைத்தானே எனக்குத் திருப்பிச் சொல்கிறது? நீங்கள் என்ன செய்வீர்கள்?

இன்னொன்றும் உண்டு. எச்.எஸ்.கியூ.சி. ஸ்பெக்ட்ரத்தில் (ஏறக்குறைய ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு புள்ளி வரும் படம்) பத்துப் பன்னிரண்டு புள்ளிகளுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு புள்ளி தெரிகிறது. எல்லாம் இரண்டாம் இடத்தைச் சுற்றியுள்ளவை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா தெரியவில்லை.

#2 நிலவன்77

உங்கள் மூத்தவர் பக்கம்தான் நான். காரணம் சொல்கிறேன்.

என்.எம்.ஆரில் தூரத்தைச் சொல்வது ஹைட்ரஜன்கள். உலோகத்தைச் சுற்றி ஹைட்ரஜன் குறைவு. சிஸ்டீனுடைய கையில் பீட்டா கார்பனில் இரண்டுதான், அதற்கு அப்பால் கந்தகம், அதற்கு அப்பால் துத்தநாகம். இந்த இரண்டும் என்.ஓ.ஈ. (இரண்டு ஹைட்ரஜன்கள் பக்கத்தில் இருப்பதைக் காட்டும் குறி) தராது. புரதத்தை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் இடத்திலேயே உங்களிடம் தகவல் குறைவு. துத்தநாகம் இல்லாமல் கணக்குப் போட்டால் அந்த வளைவுகள் இருபது மாதிரிகளில் இருபது விதமாக வரும். அதைப் பார்த்து மதிப்பீட்டாளர் கட்டமைப்பு சரியில்லை என்பார்.

தவிர, ரிங் மடிப்பில் நூற்றுக்கணக்கான கட்டமைப்புகள் ஏற்கெனவே பி.டி.பி. என்ற புரதக் கட்டமைப்புத் தரவகத்தில் இருக்கின்றன. தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியதில்லை. அமினோ அமில வரிசையிலிருந்து கட்டமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டில் போட்டுப் பார்த்தீர்களா?

#3 கிண்டிக்காரர்

முத்துச்சரம், உங்கள் மனம் ஒப்பாதது சரியான காரணத்துக்காகத்தான். அதை விட்டுவிடாதீர்கள். நான் படிகவியல்காரன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் இந்த விஷயத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

துத்தநாகம் ஓசை எழுப்பாத உலோகம். இரும்பு என்றால் சிவப்பு, தாமிரம் என்றால் நீலம் என்று கண்ணே சொல்லிவிடும். துத்தநாக அயனியில் பத்து டி-எலக்ட்ரான்களும் நிரம்பியிருப்பதால் நிறமும் இல்லை, காந்தத் தன்மையும் இல்லை. உங்கள் என்.எம்.ஆர். குழாயில் அது இருக்கிறதா இல்லையா என்று நேராகச் சொல்ல எந்தப் புள்ளியும் எழாது. அதனால்தான் பல காலம் பல புரதங்களில் அது இருப்பதே யாருக்கும் தெரியாமல் இருந்தது.

துத்தநாக விரல் கண்டுபிடித்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லில் டி.எஃப்.3ஏ என்ற புரதம், 5எஸ் ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்து ஒரு துகளாக இருக்கும். 1983இல் ஒரு குழு அதில் துகளுக்கு இரண்டு மூன்று துத்தநாகம் இருப்பதாகச் சொன்னது. கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளுக் குழுவில் அதே துகளைப் பிரித்தெடுக்கும்போது விளைச்சல் குறைந்துகொண்டே போனது, துகள் உடைந்துபோனது. காரணம் என்ன தெரியுமா? சிஸ்டீன் கெடாமல் இருக்கட்டும் என்று நாம் எல்லாரும் கைப்பழக்கமாக ஊற்றும் டி.டி.டி. அது துத்தநாகத்தைக் கெட்டியாகப் பிடித்து இழுத்துவிடுகிறது. அதைத் தவிர்த்து, உலோகம் கழன்று போகாமல் பார்த்துக்கொண்டு அளந்தபோது துகளுக்கு 7 முதல் 11 வரை வந்தது.

அப்புறம்தான் அமினோ அமில வரிசையைப் பார்த்தார்கள். ஏறக்குறைய முப்பது முப்பது அமினோ அமிலமாக ஒன்பது துண்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு சிஸ்டீன், இரண்டு ஹிஸ்டிடின். ஒவ்வொரு துண்டும் ஒரு துத்தநாகத்தைச் சுற்றி மடிந்த விரல் என்று மில்லர், மெக்லாக்லன், க்ளுக் மூவரும் 1985இல் எழுதினார்கள். அப்போது ஒரு கட்டமைப்புகூடக் கையில் இல்லை! 1988இல் ஜெரமி பெர்க், இரண்டு பீட்டா இழையும் ஒரு ஆல்ஃபா சுருளுமாக இருக்கும் என்று ஊகித்தார். 1989இல் பீட்டர் ரைட் ஆய்வகம் ஒற்றை விரல் ஒன்றின் என்.எம்.ஆர். கட்டமைப்பைத் தந்தது, ஊகம் பெரும்பாலும் சரியாக இருந்தது. 1991இல் பாவ்லெட்டிச்சும் பாபோவும் மூன்று விரல்கள் டி.என்.ஏ.வைப் பிடித்திருப்பதைப் படிகத்தில் காட்டினார்கள்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் எடைபோட்டு எண்ணினார்கள், பிறகு வரிசை, பிறகு ஊகம், பிறகு கட்டமைப்பு. உங்களிடம் கட்டமைப்பு வரப்போகிறது. எண்ணினீர்களா? ஒரு டொமைனுக்கு எத்தனை துத்தநாகம் என்று அளந்து பார்த்தீர்களா?

#4 வைகைக்கரை

நான் கேட்க வந்ததையே சார் கேட்டுவிட்டார். சாம்பிள் எப்படித் தயாரித்தீர்கள், முழுதாகச் சொல்லுங்கள். பஃபர் என்ன, புரதத்தைப் பிரித்தெடுத்த ரெசின் என்ன, சிஸ்டீன் கெடாமல் காக்கும் குறைப்பான் என்ன, செல்லை உடைக்கும்போது போட்ட புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையில் உலோகத்தைப் பிடித்து இழுக்கும் ஈ.டி.டி.ஏ. இருந்ததா, எல்லாம்.

ஏன் கேட்கிறேன் என்றால், நானே ஒரு வருடம் வீணாக்கியிருக்கிறேன். என்.எம்.ஆர். என்றால் பாஸ்பேட் பஃபர் என்று பழகிய கை. புரதத்தில் துத்தநாகம் குறைவாக இருக்கிறதே என்று துத்தநாகக் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் வெள்ளையாகச் சுருண்டு, அசைத்தால் கலைந்து, மறுபடி வெள்ளையாகி, பத்தாவது சொட்டில் குழாய் முழுக்கக் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. புரதம் வீழ்படிவு ஆகிவிட்டது என்று நினைத்து, பல வாரம் புரதத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் புரதமே இல்லாத வெறும் பஃபரில் விட்டுப் பார்த்தால் அதே கஞ்சி. துத்தநாகப் பாஸ்பேட். தண்ணீரில் கரையாத உப்பு.

#5 முத்துச்சரம்

வைகைக்கரை அக்கா, படிக்கப் படிக்கக் கை நடுங்குகிறது. 20 மில்லிமோலார் பாஸ்பேட், பி.எச். 6.5. குறைப்பான் டி.டி.டி., 5 மில்லிமோலார். நிக்கல் ரெசின். மாத்திரையில் ஈ.டி.டி.ஏ. இல்லை, அது மட்டும் தப்பித்தது. பாக்டீரியா வளர்க்கும் குறைந்தபட்ச ஊடகத்தில் துத்தநாகம் தனியாகச் சேர்க்கவில்லை. சுவட்டுத் தனிமக் கலவையில் இருப்பது போதும் என்று நினைத்தேன்.

எண்ணவும் இல்லை சார். ரிங் என்றால் இரண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

#6 வைகைக்கரை

கை நடுங்க வேண்டாம், சரிசெய்யக்கூடியதுதான்.

டிரிஸ் அல்லது மெஸ் பஃபருக்கு மாறுங்கள். டி.டி.டி.க்குப் பதில் டீசெப். அது துத்தநாகத்தோடு அவ்வளவாக மல்லுக்கட்டாது. ஊடகத்தில் புரத உற்பத்தியைத் தூண்ட ஐ.பி.டி.ஜி. போடும் நேரத்திலேயே 50 மைக்ரோமோலார் துத்தநாகக் குளோரைடு சேருங்கள். புரதம் மடியும்போதே பக்கத்தில் உலோகம் இருக்க வேண்டும். மடிந்து முடிந்த பிறகு கொடுப்பது வேறு. ஜப்பானில் ரிக்கென் நிறுவனம் மனிதத் துத்தநாக விரல்களை வரிசையாகத் தீர்த்துப் பி.டி.பி.யில் போட்டதே, அந்தப் பதிவுகளில் சாம்பிள் விவரத்தைத் திறந்து பாருங்கள். டிரிஸ், 0.05 மில்லிமோலார் துத்தநாகக் குளோரைடு, கூடவே கொஞ்சம் இமினோடையசெட்டிக் அமிலம் என்று திரும்பத் திரும்ப வரும். அந்த அமிலம் உபரித் துத்தநாகத்தைத் தளர்வாகப் பிடித்து வைத்திருக்கும். புரதத்துக்கு வேண்டியது கிடைக்கும், வேண்டாத இடத்தில் ஒட்டாது. நல்ல ஏற்பாடு.

நிக்கல் ரெசின் பற்றி: ரெசினிலிருந்து கழன்ற நிக்கல் சிஸ்டீன்களுக்குள் போய் உட்காரலாம். உங்கள் டொமைன் வேறு ரெசினில் வருமானால் ஒருமுறை அப்படியும் செய்து ஒப்பிடுங்கள்.

எண்ணுவதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி போதும். ஒரே புரதத்தை இரண்டு விதமாக ஓட்டுங்கள். ஒன்று ஃபார்மிக் அமிலத்தில்: சிஸ்டீன் புரோட்டானை வாங்கிக்கொண்டு உலோகத்தை விட்டுவிடும், வெறும் புரதத்தின் எடை வரும். இன்னொன்று அம்மோனியம் அசிடேட்டில், மடிந்த நிலையில். துத்தநாகம் 65.4 டால்டன், அது உள்ளே வரும்போது இரண்டு புரோட்டான் வெளியே போகும், ஆக ஒவ்வொன்றுக்கும் 63.4 கூடும். இரண்டு என்றால் 127க்குக் கொஞ்சம் கீழே. வந்ததும் இங்கே போடுங்கள்.

#7 மருதாணி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஆய்வாளர் இல்லை, மரபணுப் பரிசோதனை முடிவுகளைக் குடும்பங்களுக்கு விளக்கும் வேலை செய்கிறேன். பி.ஆர்.சி.ஏ.1 பெயரைப் பார்த்து உள்ளே வந்தேன்.

முத்துச்சரம் எழுதிய பட்டியலில் சிஸ்டீன் 61 இருக்கிறது. எங்கள் அறிக்கைகளில் "61ஆம் சிஸ்டீன் கிளைசீனாக மாறியுள்ளது, நோய் உண்டாக்கக்கூடியது" என்று ஒரு வரி வரும். 1863 அமினோ அமிலம் உள்ள அவ்வளவு பெரிய புரதத்தில் ஒன்று மாறினால் ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். "முக்கியமான இடம்" என்பதைத் தாண்டி எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்ல முடியுமா?

#8 கிண்டிக்காரர்

நடுவில் வந்தது நல்லதுதான் அம்மா. இந்த இழைக்கு உங்கள் கேள்வி வெளியே இல்லை.

பி.ஆர்.சி.ஏ.1 தொடங்கும் இடத்திலேயே, முதல் நூறு அமினோ அமிலத்துக்குள், ரிங் வந்துவிடுகிறது. அதுமட்டும் தனியாக நிற்காது. பார்ட்1 என்ற இன்னொரு புரதத்துக்கும் அதே மாதிரி ஒரு ரிங் உண்டு. சியாட்டிலில் ரேச்சல் க்ளெவிட் ஆய்வகம் 2001இல் இந்த இரண்டு ரிங்கும் சேர்ந்த ஜோடியின் கட்டமைப்பை என்.எம்.ஆரில் தீர்த்து வெளியிட்டது. முத்துச்சரம் செய்கிற அதே வகை வேலை. ஒவ்வொரு ரிங்கின் இரு புறமும் உள்ள சுருள்கள், புரதத்துக்கு இரண்டாக, நாலும் சேர்ந்து ஒரு கட்டாக இறுகுகின்றன. ஜோடியைப் பிடித்து வைப்பது அந்தக் கட்டு. வேலை செய்வது ரிங்கின் முகம். எந்தப் புரதத்தின்மேல் யுபிக்விட்டின் என்ற அடையாளச் சீட்டை ஒட்ட வேண்டுமோ, அதற்குச் சீட்டைக் கொண்டுவரும் நொதி வந்து உட்காருவது அந்த முகத்தில்தான்.

இப்போது 61. இரண்டாம் துத்தநாகத்தை நாலு கை பிடித்திருக்கிறது. அதில் ஒரு கை சிஸ்டீன் 61, அதன் நுனியில் கந்தகம். கிளைசீனுக்குக் கையே கிடையாது, ஒரு ஹைட்ரஜன் மட்டும்தான். நாலில் ஒன்று போனால் அயனி அங்கே நிலைக்காது. அயனி போனால் அதைச் சுற்றி வளைந்திருந்த பகுதி வடிவம் இழக்கும். சுருள்கட்டு தூரத்தில் இருப்பதால் முழுப் புரதமும் சிதறிவிடாது. ஆனால் சீட்டு ஒட்டும் வேலை நின்றுவிடுகிறது. அதே 2001இல் வேறொரு குழு இதைச் சோதனைக் குழாயில் காட்டியது. பொருள் இருக்கிறது, வேலை இல்லை.

2018இல் சியாட்டிலில் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவின் 13 எக்சான்களில் (புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகள்) ஏறக்குறைய நாலாயிரம் ஒற்றை எழுத்து மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செல்லுக்குள் உண்டாக்கி, எந்தச் செல் பிழைக்கிறது என்று பார்த்தார்கள். துத்தநாகத்தைப் பிடிக்கும் இடங்களில் மாற்றம் வந்தால் செல் தாங்குவதில்லை. "உறுதியாகச் சொல்ல முடியாத மாற்றம்" என்று அறிக்கையில் வந்து குடும்பங்கள் தவிப்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எந்தக் கை துத்தநாகத்தைப் பிடிக்கிறது, எது சும்மா பக்கத்தில் நிற்கிறது என்று சரியாகச் சொல்லும் கட்டமைப்பு அந்தத் தவிப்பில் ஒரு பகுதியையாவது குறைக்கும்.

முத்துச்சரம், இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்கள் புரதத்திலும் நாளை யாருக்காவது ஒரு மாற்றம் வரும். அப்போது இவரைப் போன்ற ஒருவர் உங்கள் கட்டமைப்பைத் திறந்து, இந்தச் சிஸ்டீன் துத்தநாகத்தைப் பிடிக்கிறதா என்று பார்ப்பார்.

#9 மருதாணி

நன்றி ஐயா. "கையே கிடையாது" என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அதைச் சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

#10 முத்துச்சரம்

மூன்று வாரம் ஆகிவிட்டது. முடிவுகளோடு வருகிறேன்.

முதலில் பழைய சாம்பிள். அம்மோனியம் அசிடேட்டில் ஒரு எடை வரவில்லை, இரண்டு வந்தன. வெறும் புரதத்தைவிட 63 கூடுதலாக ஒன்று, 127 கூடுதலாக ஒன்று. சின்னது பெரியதில் மூன்றில் ஒரு பங்கு உயரம். ஆக, குழாயில் கணிசமான பகுதிக்கு ஒரு துத்தநாகம்தான்! மங்கலான இரட்டைப் புள்ளிகளுக்கு விடை அதுதான். இரண்டாம் இடம் காலியாக உள்ள புரதம் பக்கத்திலேயே இன்னொரு ஸ்பெக்ட்ரம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதை "இரண்டு வடிவங்களுக்கு இடையே அசைவு" என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

புதிய சாம்பிள் டிரிஸ், டீசெப், ஊடகத்தில் துத்தநாகம். இப்போது 127 மட்டும். ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தபோது மங்கல் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தேன் கொஞ்ச நேரம்.

#11 கிண்டிக்காரர்

அருமை. ஒரு துணைச் செய்தி: பி.ஆர்.சி.ஏ.1 ரிங்கிலும் இரண்டு இடமும் ஒன்றாக நிறைவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறைகின்றன. 1997இல் ரோமும் பெர்க்கும் கோபால்ட்டை வைத்து அதைக் காட்டினார்கள். கோபால்ட் துத்தநாகத்தின் இடத்தில் அப்படியே உட்காரும், ஆனால் நிறம் உண்டு. சிஸ்டீன்களுக்கு நடுவே நான்முகியாக உட்கார்ந்ததும் கரைசல் நீலப் பச்சையாகும். ஓசை எழுப்பாத உலோகத்தின் இடத்தில் ஓசை எழுப்பும் உலோகம். உங்களுக்கு நேரம் இருந்தால் ஒருமுறை செய்து பாருங்கள். அந்த நிறம் குழாயில் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

#12 நிலவன்77

எண்ணிக்கை விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். எண்ணாமல் கட்டுப்பாடு கொடுத்திருந்தால் இரண்டு வகைப் புரதத்தின் தகவலை ஒன்றாகக் கலந்து ஒரே கட்டமைப்பாக்கியிருப்போம்.

ஆனால் எந்தக் கை என்ற கேள்வி அப்படியே இருக்கிறதே. ஆல்ஃபாஃபோல்டில் போட்டுப் பார்க்கிறேன் என்று உங்களிடம் தனிச்செய்தியில் சொன்னேன் அல்லவா, ரிங் பகுதியை மட்டும் அனுப்பினீர்கள், போட்டேன். இரண்டாம் பதிப்பில் துத்தநாகம் வராது, ஆனாலும் சிஸ்டீன்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவில் அயனிக்கு இடம் விட்டு நிற்கின்றன. கடைசி மூன்றில் முதல் இரண்டைத்தான் உள்ளே திருப்பியிருக்கிறது. ஹிஸ்டிடின் இரண்டில் அது தெளிவாக இல்லை. 2024இல் வந்த மூன்றாம் பதிப்பில் அயனியைச் சேர்க்கலாம். இரண்டு கொடு என்றால் இரண்டு வைத்தது. மூன்று கொடு என்றால் மூன்றாவதையும் எங்கேயோ வைத்துவிட்டது. எத்தனை என்பதை அது சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். அதைப் பார்த்த பிறகு நீங்கள் முதல் பதிவில் எழுதியது எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

#13 முத்துச்சரம்

நன்றி நிலவன். எந்தக் கை என்பதற்கு இப்போது வருகிறேன்.

சிஸ்டீனுடைய பீட்டா கார்பன் ஸ்பெக்ட்ரத்தில் எந்த இடத்தில் (அலகு பி.பி.எம்.) தெரிகிறது என்று பார்த்தேன். குறைக்கப்பட்ட நிலையில் சும்மா இருக்கும் சிஸ்டீன் என்றால் 28 பி.பி.எம். பக்கம், துத்தநாகத்தைப் பிடித்தால் 31 பக்கம், டைசல்ஃபைடு பிணைப்பில் இருந்தால் 40 பக்கம். என் எட்டில் ஏழு, 30.2க்கும் 32.1க்கும் நடுவில் இருக்கின்றன. கடைசிச் சிஸ்டீன் மட்டும் 27.8. ஆக மூன்றில் முதல் இரண்டு உள்ளே, மூன்றாவது வெளியே. இதில் யாரும் எதையும் கணக்குக்குள் திணிக்கவில்லை, ஸ்பெக்ட்ரம் தானாகச் சொன்னது.

ஹிஸ்டிடினுக்குப் பி.எச். மாற்றிப் பார்த்தேன், 5.8 முதல் 7.6 வரை. சும்மா இருக்கும் ஹிஸ்டிடின் 6க்குக் கொஞ்சம் மேலே புரோட்டானை விடும், அதன் வளையத்துப் புள்ளிகள் நகரும். துத்தநாகத்தைப் பிடித்த ஹிஸ்டிடினால் அசைய முடியாது, நைட்ரஜன் ஏற்கெனவே கொடுத்துவிட்ட கை. இரண்டாவது ஹிஸ்டிடினின் புள்ளி படிப்படியாக நகர்ந்துகொண்டே போனது. முதலாவது ஆணி அடித்ததுபோல அங்கேயே நின்றது. அதன் டெல்ட்டா-2 கார்பன் 117.6இல். 122க்குக் கீழே என்றால் எப்சிலான்-2 நைட்ரஜனில் ஹைட்ரஜன் இருக்கிறது, டெல்ட்டா-1 நைட்ரஜன்தான் உலோகத்தைப் பிடித்திருக்கிறது என்று பொருள். ரிங் டொமைன்களில் ஹிஸ்டிடின் பிடிப்பது அந்தப் பக்கத்தால்தான், சாதாரணத் துத்தநாக விரலில் எப்சிலான்-2. நான் மூத்தவர் சொன்னபடி போட்டிருந்தால், எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் பழைய கட்டுப்பாட்டுக் கோப்பு துத்தநாக விரலுக்கு எழுதியது. அதில் எப்சிலான்-2 என்றுதான் இருக்கிறது! வளையம் தலைகீழாகத் திரும்பியிருக்கும்.

அப்புறம்தான் கணக்கு. முதலில் துத்தநாகமே இல்லாமல் நூறு மாதிரி, அதில் நல்லது இருபது. முதல் இடத்தின் நாலு கந்தகமும் தாமாகவே 4 முதல் 6 ஆங்ஸ்ட்ராம் நெருக்கத்துக்கு வந்துவிட்டன. உண்மையில் துத்தநாகம் நடுவில் இருந்தால் கந்தகத்துக்குக் கந்தகம் 3.8 இருக்க வேண்டும். யாரும் கட்டிவைக்காமலே இவ்வளவு பக்கத்தில்! இரண்டாம் இடம் இன்னும் தளர்வு, நிலவன் சொன்னதுபோல. ஆனாலும் கடைசிச் சிஸ்டீன் இருபது மாதிரியிலும் வெளிப்பக்கம்தான் பார்க்கிறது. அதன் பிறகே கட்டுப்பாடு சேர்த்தேன். கந்தகத்துக்கு 2.3, நைட்ரஜனுக்கு 2.0, கோணம் நான்முகியில் உள்ள 109 சொச்சம். ஒரு என்.ஓ.ஈ.யும் முரண்படவில்லை. மாறாட்டமாகக் கடைசி இரண்டு சிஸ்டீனையும் கொடுத்து ஒருமுறை வேண்டுமென்றே ஓட்டினேன். ஆறு என்.ஓ.ஈ.கள் அரை ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் மீறுகின்றன.

#14 திருமலைக்கடல்

இளங்கலை மாணவன், திருகோணமலை. வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தனான், ஒரு கேள்வி. படிகம் எடுத்தால் இவ்வளவு சுற்றத் தேவையில்லை அல்லவா ஐயா? எக்ஸ் கதிரில் துத்தநாகம் நேராகவே தெரியும்தானே?

#15 கிண்டிக்காரர்

தெரியும் தம்பி, இருபத்தெட்டு எலக்ட்ரான் உள்ள அயனி, மின்னடர்த்தி வரைபடத்தில் குண்டாகத் தெரியும். ஆனால் குண்டாகத் தெரிவது துத்தநாகம்தான் என்று யார் சொன்னது? நிக்கலும் அப்படித்தான் தெரியும். நிக்கல் ரெசினில் வந்த புரதத்தில் அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு.

அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு உலோகமும் ஒரு குறிப்பிட்ட ஆற்றலுக்கு மேல்தான் எக்ஸ் கதிரை வலுவாக உறிஞ்சும். துத்தநாகத்துக்கு 9.66 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அலைநீளத்தில் 1.28 ஆங்ஸ்ட்ராம். நிக்கலுக்கு 8.33, அதாவது 1.49. எக்ஸ் கதிரின் அலைநீளத்தை மாற்றக்கூடிய சிங்க்ரோட்ரானில் துத்தநாக எல்லைக்குச் சற்று மேலே ஒரு தொகுப்பு, சற்றுக் கீழே ஒரு தொகுப்பு என்று எடுங்கள். மேலே எடுத்ததில் பிறழ்ச் சிதறல் சிகரம் ஓங்கி நின்று, கீழே எடுத்ததில் படுத்துவிட்டால் அது துத்தநாகம். இரண்டிலும் நின்றால் வேறு ஏதோ. அதே சிதறலை வைத்தே கதிரலைகளின் கட்டத்தையும் (ஃபேஸ்) கண்டுபிடித்து முழுக் கட்டமைப்பையும் தீர்த்துவிடலாம். புரதத்தோடு இயற்கையாகவே வந்த கன அணு, தனியாக ஊறவைக்க வேண்டியதில்லை.

ஆனால் ரிங் டொமைன்கள் சின்னவை, வளைவுகள் அதிகம், படிகம் ஆகாமல் ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கும். அதனால் என்.எம்.ஆர். அவற்றுக்குப் பொருத்தம்.

கட்டமைப்பைச் சரிபார்ப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1963இல் ஜி.என். இராமச்சந்திரனும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதிய வரைபடம் இன்று உலகில் எந்தப் புரதக் கட்டமைப்பு வந்தாலும் முதலில் ஓட்டப்படும் சோதனை. அந்தத் துறையின் வாசலில் நடந்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. ஆனால் அது முதுகெலும்பின் கோணங்களைச் சொல்லும், துத்தநாகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வரைபடத்தில் எல்லாப் புள்ளியும் அழகாக உட்கார்ந்திருக்க, உலோகத்தின் ஐந்தாவது கையாக ஒரு கார்பன் வந்து நிற்கும் பதிவுகளையும் நான் பார்த்திருக்கிறேன். உலோகத்துக்கென்று தனிச் சோதனை வேண்டும். செக்மைமெட்டல் என்ற இணையச் சேவை அதற்கென்றே இருக்கிறது. முத்துச்சரம், பதிவு செய்வதற்கு முன் இருபது மாதிரியையும் அதில் ஓட்டுங்கள்.

#16 திருமலைக்கடல்

விளங்கிட்டுது ஐயா. மிக்க நன்றி.

#17 நிலவன்77

முத்துச்சரம், ஒரே ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. கடைசிச் சிஸ்டீன் 27.8 என்றால் அது சும்மா இருக்கிறது என்று பெரும்பாலும் சரி. ஆனால் வேகமாக மாறி மாறிப் பிடித்தால்? நூறில் பத்துத் தடவை அது பிடித்து, நடுவில் உள்ளது விட்டுவிட்டால் ஸ்பெக்ட்ரத்தில் சராசரிதான் தெரியும். மதிப்பீட்டாளராக நான் இருந்தால் இதைக் கேட்பேன்.

#18 முத்துச்சரம்

கேட்பார்கள், எனக்கும் தோன்றியது. அதனால் கடைசிச் சிஸ்டீனைச் செரீனாக மாற்றிய பிறழ்வு தயாராகிவிட்டது. அதிலும் 127 வந்து, மற்ற ஏழு சிஸ்டீனும் நகராமல் இருந்தால் அது தேவையில்லை என்று உறுதி. நடுச் சிஸ்டீனை மாற்றியதும் கூடவே செய்கிறேன், அதில் 63 மட்டும் வர வேண்டும். கட்டுப்பாடு இல்லாத கணக்கு, உள்ளது, மாறாட்டமாகக் கொடுத்தது மூன்றையும் கட்டுரையின் இணைப்பில் போட வழிகாட்டி சம்மதித்துவிட்டார். மூத்தவரும் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, பழைய கோப்பில் எப்சிலான்-2 வரியைத் தானே திருத்தி வைத்தார்.

இன்று மாலைதான் இரண்டு குடுவைகளையும் 18 டிகிரிக்கு மாற்றினேன். காலை ஆறு மணிக்கு எடுக்க வேண்டும்.

#19 வைகைக்கரை

ஊடகத்தில் துத்தநாகம் போட்டாயிற்றா?

#20 முத்துச்சரம்

இரண்டு குடுவையிலும் போட்டாயிற்று அக்கா. 50 மைக்ரோமோலார். குடுவையின் மேல் எழுதியும் வைத்திருக்கிறேன்.